அருணாவுக்காக யார் பேசுவது? ஒரு நிகழ்வு ஆய்வு

நர்சிங் மாணவிகளிடம் மருத்துவ அறவியலின் அடிப்படை என்ன என்று கேட்டால் ஒரே மூச்சில் பதில் வரும்: ஆட்டோனமி, பெனிஃபிசன்ஸ், நான்-மாலிஃபிசன்ஸ், ஜஸ்டிஸ். தன் உடம்பைப் பற்றித் தானே முடிவெடுக்கும் உரிமை, நன்மை செய்தல், தீங்கு செய்யாதிருத்தல், நீதி. 1979இல் அமெரிக்கர்களான டாம் போஷம்ப், ஜேம்ஸ் சில்ட்ரஸ் இருவரும் முறைப்படுத்திக் கொடுத்த நான்கு கொள்கைகள். பரீட்சைக்கு இது போதும். வகுப்பில் நான் அடுத்துக் கேட்பது, "நோயாளிக்குப் பேச்சே இல்லையென்றால் இந்த நான்கில் எதை எடுப்பீர்கள்?" என்றுதான். அங்கே சத்தம் அடங்கிவிடும். அதற்குப் பிறகுதான் அருணா ஷான்பாக் வழக்கைப் பிரிப்பேன்.

நடந்தது

அருணா கர்நாடகத்தின் வட கன்னட மாவட்டத்து ஹல்திபூர்க்காரர். 1948இல் பிறந்தவர். மும்பை பரேலில் உள்ள கிங் எட்வர்ட் மெமோரியல் மருத்துவமனையில், அதாவது ஊரே கே.இ.எம். என்று சொல்லும் மாநகராட்சி ஆஸ்பத்திரியில், நர்ஸாக இருந்தார். அங்கேயே பணியாற்றிய ஒரு டாக்டருடன் கல்யாணம் பேசி முடித்திருந்தார்கள். 1973 நவம்பர் 27 மாலை, அதே ஆஸ்பத்திரியின் துப்புரவு ஊழியன் ஒருவன் நாய்ச் சங்கிலியை அவர் கழுத்தில் சுற்றி இறுக்கிப் பாலியல் வன்முறை செய்தான். மறுநாள் காலை 7.45க்கு, தரையில் ரத்தத்தோடு நினைவின்றி அவர் கிடந்ததைப் பெருக்க வந்த ஊழியர் ஒருவர் பார்த்தார். இரவு முழுக்க அப்படியே கிடந்திருக்கிறார். கழுத்து இறுகியதில் மூளைக்கு ஆக்சிஜன் போகவில்லை. மூளையின் மேற்பகுதி பாழானது. மூளைத்தண்டிலும் கழுத்துத் தண்டுவடத்திலும் காயம். கண் நன்றாக இருந்தும் பார்வை இல்லை, ஏனென்றால் பார்ப்பதை உணரும் மூளைப்பகுதி போய்விட்டது.

குற்றவாளிக்குக் கிடைத்தது ஏழு ஆண்டு சிறை, கொலை முயற்சிக்கும் கொள்ளைக்கும். பாலியல் வன்முறை வழக்கில் இடம்பெறவே இல்லை. நிச்சயமான பெண், பெயர் கெட்டுவிடும் என்று ஆஸ்பத்திரித் தரப்பிலேயே மறைத்துவிட்டார்கள் என்பதுதான் இன்றுவரை சொல்லப்படும் காரணம். பலரும் இதை ஒரு வரியில் கடந்துபோகிறார்கள். என் பார்வையில் இந்த நிகழ்வின் முதல் அறவியல் கேள்வியே இதுதான். அருணாவுக்கு 'நல்லது' என்று நினைத்து, அருணாவைக் கேட்காமல், அருணாவுக்காக மற்றவர்கள் எடுத்த முதல் முடிவு. அதன் பலன் யாருக்குப் போனது என்று தண்டனைக் காலத்தைப் பார்த்தாலே தெரியும். அதன் பிறகு எடுத்த எல்லா முடிவுகளும் இதே அச்சில் வார்த்தவை.

மனுவும் எதிர்மனுவும்

36 ஆண்டுகள் போயின. 2009இல் பத்திரிகையாளர் பிங்கி விரானி, அருணாவின் 'நெருங்கிய நண்பர்' என்ற சட்ட நிலையில், அதாவது தானே வழக்காட முடியாதவருக்காக வழக்காடுபவராக, உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். அரசியலமைப்பின் 32ஆம் பிரிவின்கீழ் மனு. அருணாவுக்கு உணவு கொடுப்பதை நிறுத்தி, அமைதியாக இறக்க விட வேண்டும் என்பது கோரிக்கை. எலும்புகள் நொறுங்கும் நிலை, உள்பக்கமாக முறுக்கிக்கொண்ட மணிக்கட்டுகள், சொத்தைப் பற்கள், மசித்த உணவை வாயில் வைத்தால் மெல்லவும் தெரியாத நிலை என்று மனு விவரித்தது.

கே.இ.எம். தரப்பின் பதில் வேறு ஓர் அருணாவைக் காட்டியது. சாப்பாட்டை வாங்கிக்கொள்கிறார், முகபாவத்தால் பதில் சொல்கிறார், சிறுநீர், மலம் வந்தால் ஒருவித ஒலி எழுப்புகிறார், அது நர்ஸ்களுக்குப் புரிகிறது என்றார்கள். ஒரே கட்டில், ஒரே உடம்பு, இரண்டு விவரிப்பு. நீதிமன்றம் இரண்டையும் ஒதுக்கி வைத்துவிட்டு 2011 ஜனவரியில் மும்பையிலிருந்தே மூன்று டாக்டர்களை நியமித்தது: நரம்பியல் நிபுணர் ஒருவர், மனநல மருத்துவர் ஒருவர், தீவிர சிகிச்சை நிபுணர் ஒருவர்.

அவர்களின் அறிக்கையை முழுதாக வாசிக்காமல் இந்த வழக்கைப் பற்றி யாரும் வாயைத் திறக்கக் கூடாது என்பேன். அதில் இரண்டு விஷயங்கள் பக்கத்துப் பக்கத்திலேயே இருக்கின்றன. நிரந்தரமாக உணர்விழந்த நிலைக்கான அளவுகோல்களில் பெரும்பாலானவை அருணாவுக்குப் பொருந்துகின்றன என்பது ஒன்று. இன்னொன்று நர்ஸ்கள் சொல்லிப் பதிவானது: பிடித்த மீன், கோழி சூப் கிடைத்தால் சந்தோஷமாகச் சிரிப்பதுபோல் தெரிகிறது, பிடிக்காததைத் துப்பிவிடுவார், அறையில் ஆள் கூடினால் கஷ்டப்படுவதுபோல் சத்தமிடுவார், எல்லோரும் வெளியே போனால் அடங்குவார், பக்திப் பாடல் போட்டால் அமைதியாகிறார். உணர்வில்லை என்பதும் ருசி தெரிகிறது என்பதும் ஒரே ஆவணத்தில். மூளைச்சாவு இல்லை, மூச்சு தானாகவே ஓடுகிறது, எந்த இயந்திரமும் இல்லை என்பதிலும் சந்தேகமில்லை.

டாக்டர்கள் பரிசோதனையைப் படம் பிடித்து சி.டி.யாகக் கொடுத்தார்கள். அதை நீதிமன்றத்திலேயே திரையிட்டார்கள். இதற்கு முன்னுதாரணமாகத் தீர்ப்பு காட்டுவது, இரண்டாம் உலகப் போருக்குப் பின் நாஜிகள் மீது நடந்த நியூரம்பெர்க் விசாரணையை. எனக்கு இன்றும் உறுத்தும் இடம் இது. 1973இல் பெயர் கெடக் கூடாது என்று ஒருத்தியின் மீது நடந்த குற்றத்தையே மறைத்தோம்; 2011இல் அதே பெண்ணின் உடம்பை நிறைந்த கோர்ட்டில் திரையில் காட்டினோம். இரண்டு முறையும் அவரிடம் அனுமதி கேட்க வழியில்லை. கேட்க வழியில்லாத இடத்தில்தான் அந்தரங்கத்தை அதிகமாகக் காக்க வேண்டும் என்று மாணவிகளிடம் சொல்வேன். பிரேத அறைக்கும் இது பொருந்தும்.

ஊட்டும் கை

2010 செப்டம்பர் 16 வரை அருணா வாய் வழியாகவே சாப்பிட்டார். அன்று காய்ச்சல் வந்தது, அநேகமாக மலேரியா. சாப்பாடு குறைந்தது, மூக்கு வழியாக ரைல்ஸ் ட்யூப் போட்டார்கள். அதன்பின் முக்கிய உணவு ட்யூபில்தான், எப்போதாவது வாயில் கொஞ்சம் திரவம்.

இந்தத் தேதி சின்ன விவரம்போல் தெரியும். ஆனால் சட்டமும் அறமும் திரும்பும் இடம் இதுதான். இங்கிலாந்தில் 1989 ஹில்ஸ்பரோ கால்பந்து மைதான நெரிசலில் சிக்கி உணர்விழந்த இளைஞரின் வழக்கில், 1993இல், அன்று அங்கே உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை ட்யூப் வழியாகப் போகும் உணவை மருத்துவச் சிகிச்சை என்று வகைப்படுத்தியது. சிகிச்சை என்றாகிவிட்டால், பயனில்லாத சிகிச்சையை நிறுத்தலாம். சரி, ஸ்பூனில் ஊட்டினால் அது சிகிச்சையா, சாப்பாடா? 2009இல் மனு போட்டபோது அருணா ஸ்பூனில்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். உணவை நிறுத்துங்கள் என்ற கோரிக்கைக்கு அன்றைய தேதியில் பொருள் ஒன்றுதான்: ஒரு நர்ஸ் கையில் மசித்த சோற்றோடு நிற்க வேண்டும், எதிரில் வாய் திறக்க வேண்டும், அவர் ஊட்டாமல் திரும்பிப் போக வேண்டும்.

வகுப்பில் இதைச் சொன்னதும் ஒரு மாணவி, "திறந்தா ஊட்டித்தானே ஆகணும் மேடம்?" என்றாள். பின்வரிசையில் இருந்தவள் உடனே, "திறக்கிறது பசியாலயா, ரிஃப்ளெக்ஸாலயான்னு உனக்கு எப்படித் தெரியும்?" என்றாள். மணி அடித்த பிறகும் இரண்டு பேரும் விடவில்லை. நல்ல கேள்விகள் இரண்டும்.

இந்த இடத்தில்தான் 'செயல்' வேறு 'செய்யாதிருத்தல்' வேறு என்ற பழைய பிரிவினை வருகிறது. ஊசி போட்டுக் கொல்வது செயல், சிகிச்சையை நிறுத்துவது செய்யாதிருத்தல் என்று 2011 மார்ச் 7 தீர்ப்பு இந்தக் கோட்டைப் பிடித்துக்கொள்கிறது. நீதிபதிகள் மார்க்கண்டேய கட்ஜு, கியான் சுதா மிஸ்ரா அமர்வு அது. எரியும் கட்டடம் ஒன்றை உதாரணம் காட்டுகிறார்கள்: உள்ளே ஓடிப் போய் ஒருவரைக் காப்பாற்றியவனை வீரன் என்கிறோம், ஒதுங்கி நின்றவனை யாரும் பெரிதாகக் குற்றம் சொல்வதில்லை. வழிப்போக்கனுக்கு இது சரி. டாக்டரும் நர்ஸும் அங்கே வழிப்போக்கர்களா? அவர்கள் தீயணைப்புப் படைக்காரர்கள். தீயணைப்பு வண்டியில் வந்தவன் ஓரமாக நின்று வேடிக்கை பார்த்தால் ஊர் சும்மா விடாது. கடமை உள்ள இடத்தில் செய்யாமல் இருப்பதும் ஒரு செயல்தான். ஆகவே சிகிச்சையை நிறுத்துவதை நியாயப்படுத்த 'நான் எதுவும் செய்யவில்லையே' என்பது உதவாது. 'இந்தச் சிகிச்சை இவருக்குப் பயன் தரவில்லை, சுமையாக இருக்கிறது, இது அவருக்கு வேண்டாம்' என்று சொல்ல முடிய வேண்டும். அப்போதுதான் அது காரணமாகிறது.

கோட்பாடுகளைப் போட்டுப் பார்த்தால்

விளைவுகளைக் கூட்டிக் கழித்து நல்லது கெட்டது சொல்பவர்கள், அதாவது பயன்நோக்குவாதிகள், இந்த நிகழ்வில் விசித்திரமான முட்டுச்சந்தில் நிற்பார்கள். அருணாவுக்கு உணர்வே இல்லையென்றால் அவருக்கு இன்பமும் இல்லை, துன்பமும் இல்லை. கணக்கில் அவர் பெயருக்கு நேரே பூஜ்யம். மீதி இருப்பது நர்ஸ்களின் மனநிறைவு, கட்டிலின் செலவு, வாசகர்களின் மனவேதனை. யாருடைய வாழ்வைப் பற்றிய கணக்கோ அவரே கணக்கில் இல்லை.

ஜெர்மன் தத்துவஞானி காண்ட் வழியில் வருகிறவர்கள் மனிதரை வெறும் கருவியாக நடத்தாதே என்பார்கள். இந்தக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு டாக்டர்கள் அறிக்கையின் இன்னொரு பத்தியைப் பாருங்கள். ஆண்டுதோறும் புதிதாகச் சேரும் நர்சிங் மாணவிகளை அருணாவின் அறைக்குக் கூட்டிப்போய், 'இவர் நம்மில் ஒருவராக இருந்தவர்' என்று அறிமுகம் செய்வது கே.இ.எம்.மின் வழக்கம். படித்தபோது எனக்குக் கண் கலங்கியது உண்மை. கண்ணைத் துடைத்துக்கொண்டு யோசித்தால், அந்தக் கட்டில் ஒரு பாடப்பொருளாகவும் பெருமையின் அடையாளமாகவும் ஆகியிருந்தது. ஆள் கூடினால் அருணா சத்தமிடுவார் என்பதும் அதே அறிக்கையில்தான் இருக்கிறது. மனுதாரர் பக்கமும் இதிலிருந்து தப்பவில்லை. அங்கே அருணா ஒரு சட்டத்துக்கான வழி. இரண்டு தரப்புக்கும் அருணா தேவைப்பட்டார்.

இருந்தாலும் நர்ஸ்களின் பக்கம் என் தராசு சாய்வதை மறைக்கப் போவதில்லை. 37 ஆண்டில் ஒரு படுக்கைப்புண் வரவில்லை என்பது தீர்ப்பில் இருக்கிறது. படிப்பவர்கள் பாதிப் பேருக்கு அதன் எடை தெரியாது. எழுந்திருக்க முடியாத நோயாளியை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும் என்பது எங்கள் பாடம். ஒரு நாளைக்கு 12 தடவை. 37 ஆண்டுக்கு ஒரு லட்சத்து அறுபதாயிரத்துக்கு மேல். ஒவ்வொரு தடவையும் துணியின் மடிப்பை நீவி, குதிகாலையும் இடுப்பெலும்பையும் பார்த்து, சிவந்திருந்தால் பக்கம் மாற்ற வேண்டும். தலைமுறை மாறி மாறி, பார்த்தே இராத ஒருத்திக்கு இதைச் செய்திருக்கிறார்கள். கொள்கைகளைப் பட்டியலிட்டு அறம் பேசுகிறவர்களுக்கு இது பிடிபடாது. நற்பண்பையும் பராமரிப்பையும் மையமாக வைக்கும் அறவியலில்தான் இதற்கு இடம் உண்டு.

சொந்தம் யார்?

டாக்டர்கள் குழுவே அறிக்கையில் இரண்டு கொள்கைகளை எடுத்து வைத்தது: தன் முடிவுரிமையும் நன்மை செய்தலும். நோயாளியால் முடிவெடுக்க முடியாதபோது அவர் முன்பே சொல்லி வைத்ததைப் பார்க்க வேண்டும். அதுவும் இல்லையென்றால் அவருக்காகப் பேசுகிறவர், 'இவர் தெளிவாக இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார்' என்று யோசித்தோ, அவருக்கு எது நல்லதோ அதைப் பார்த்தோ முடிவெடுக்க வேண்டும். தன் சொந்த நம்பிக்கையும் நோக்கமும் அதில் கலக்கக் கூடாது.

பெற்றோர் காலமாகிவிட்டார்கள், மற்ற உறவினர்களுக்கு அக்கறையில்லை என்று பதிவு செய்த நீதிமன்றம், கே.இ.எம். ஊழியர்களே அருணாவின் உண்மையான குடும்பம் என்றது. பிங்கி விரானியின் சமூக அக்கறையை மதித்தாலும், அந்த அளவு பிணைப்பை அவர் கோர முடியாது என்று மனுவைத் தள்ளுபடி செய்தது. பிற்காலத்தில் ஊழியர்கள் மனம் மாறினால் மும்பை உயர் நீதிமன்றத்தை அணுகலாம் என்றும் சொன்னது.

ரத்தமா, பராமரிப்பா என்ற கேள்விக்கு இந்திய நீதிமன்றம் ஒன்று பராமரிப்பு என்று பதில் சொன்னது சாதாரண விஷயமில்லை. ஆனால் அதிலொரு ஓட்டை இருக்கிறது. 2011இல் அருணாவைக் கவனித்த நர்ஸ்களில் பெரும்பாலோர் அவர் பேசிக் கேட்டதே இல்லை. மீன் பிடிக்கும் என்று தெரியும். ஆனால் 25 வயது அருணா, இரவு டூட்டியில் நீண்ட நாள் கிடையாய்க் கிடந்த ஒரு நோயாளியைப் பார்த்து, 'எனக்கு இப்படி ஆச்சுன்னா விட்டுடுங்கடி' என்று தோழியிடம் சொல்லியிருந்தால், அது இவர்களில் யாருக்குத் தெரியும்? நர்ஸ்கள் இப்படித்தான் பேசிக்கொள்வோம், டீ குடிக்கும் இடத்தில். அருணா அப்படிப் பேசினாரா, நேர்மாறாகப் பேசினாரா என்று கேட்டு எழுதி வைக்க 1974இல் யாருக்கும் தோன்றவில்லை. 'இவருக்கு எது நல்லது' என்று பார்க்க நர்ஸ்களைவிடத் தகுதியானவர்கள் இல்லை. 'இவர் என்ன சொல்லியிருப்பார்' என்பதற்கு அவர்களிடமும் பதில் இல்லை, மனுதாரரிடமும் இல்லை. தீர்ப்பு இந்த இரண்டையும் ஒன்றாகவே பாவித்துவிட்டது.

இன்னொன்று. அவர் வேதனையான வாழ்க்கை வாழ்வதாக ஊழியர்கள் நினைக்கவில்லை, தங்கள் பராமரிப்பைப் பற்றிப் பெருமைப்படுகிறார்கள், இயற்கையாக இறக்கும்வரை தொடர விரும்புகிறார்கள் என்று அறிக்கை சொல்கிறது. இவ்வளவு உழைப்பைக் கொட்டியவர்களிடம் 'இது யாருக்காக' என்று கேட்பது கொடுமை. கேட்காமல் விடுவதும் சரியில்லை.

நீதி என்ற நான்காவது கொள்கையைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. 1980களில் கட்டிலைக் காலி செய்ய மாநகராட்சி முயன்றது. நர்ஸ்கள் போராடியதும் விட்டுவிட்டது. வேலை நேரத்தில் வேலை இடத்தில் தாக்கப்பட்டவருக்கு அந்த வேலை இடம் கடன்பட்டிருக்கிறது. ஏழைகளின் ஆஸ்பத்திரியில் ஒரு கட்டில் என்ற வாதம் இங்கே எடுபடாது.

கதவைத் திறந்த தீர்ப்பு

அருணாவுக்கு இல்லை என்று சொன்ன அதே தீர்ப்பு, மற்றவர்களுக்கு வழி திறந்தது. உயிர் காக்கும் சிகிச்சையை நிறுத்தலாம். ஆனால் அப்போது உயர் நீதிமன்ற அனுமதி வேண்டியிருந்தது. நீதிமன்றம் மூன்று டாக்டர்களின் கருத்தைக் கேட்க வேண்டியிருந்தது. காரணம், சொத்துக்காகச் சொந்தக்காரர்களே தீங்கு செய்யலாம் என்ற பயம். வடக்கே யாருக்காவது இது மிகை என்று தோன்றலாம். விருதுநகர்ப் பக்கம் தலைக்கூத்தல் என்ற சொல்லைக் கேட்டு வளர்ந்தவர்களுக்குத் தோன்றாது. கிடையில் விழுந்த கிழவியை எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, இளநீர் கொடுத்து முடித்துவிட்டு, பாவம் கஷ்டப்படாமல் போய்ச் சேர்ந்தாள் என்பார்கள். 'கருணைக்கொலை' என்ற நம் சொல்லே அரைகுறை. கருணை என்று தொடங்கி அனுமதி கேட்கிறது, கொலை என்று முடித்துத் தீர்ப்பும் எழுதிவிடுகிறது. சிகிச்சையை நிறுத்துவதற்கு இந்தச் சொல்லைப் பயன்படுத்தாதீர்கள் என்று மாணவிகளிடம் மன்றாடுகிறேன்.

2018 மார்ச் 9இல் ஐந்து நீதிபதிகள் அமர்வு, காமன் காஸ் அமைப்பின் வழக்கில், கண்ணியமாக இறப்பது 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமைக்குள் அடங்கும் என்றது. தன் சிகிச்சை பற்றி முன்கூட்டியே எழுதி வைக்கும் உயிலையும் ஏற்றது. இறக்கும் உரிமை உண்டா என்பது பற்றிய 1996 கியான் கவுர் தீர்ப்பை அருணா அமர்வு தவறாகப் படித்திருந்தது என்றும் அங்கே சுட்டிக்காட்டப்பட்டது. 2023 ஜனவரியில் நடைமுறையை எளிதாக்கினார்கள். இப்போது இரண்டு சாட்சிகள் முன்னிலையில் எழுதி, நோட்டரியிடமோ கெசட்டட் அதிகாரியிடமோ சான்று வாங்கினால் போதும். மாஜிஸ்திரேட்டிடம் போக வேண்டியதில்லை. நமக்காகப் பேச வேண்டியவர்களின் பெயரையும் அதில் குறிப்பிட வேண்டும். ஆஸ்பத்திரியில் முதல் மருத்துவக் குழு, அதைச் சரிபார்க்க இரண்டாவது குழு, 48 மணி நேரத்துக்குள் கருத்து. யார் பேசுவது என்று அருணா வழக்கில் தேடி அலைந்த கேள்விக்கு, நாம் நன்றாக இருக்கும்போதே பெயர் எழுதி வைக்க ஒரு காகிதம் வந்திருக்கிறது. எழுதி வைத்தவர்கள் கையைத் தூக்குங்கள் என்று ஆசிரியர்கள் கூட்டத்தில் ஒருமுறை கேட்டேன். ஒரு கையும் எழவில்லை, என் கையும் சேர்த்து.

முடிவு

2015 மே மாதம் அருணாவுக்கு நிமோனியா வந்தது. 4ஆம் வார்டை ஒட்டிய அறையிலிருந்து தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றி வென்டிலேட்டரில் வைத்தார்கள். 2011 தீர்ப்பு எந்த மாதிரி இயந்திரத்தை மனதில் வைத்து எழுதப்பட்டதோ, அந்த இயந்திரம் கடைசியில் அவருக்கே வந்தது. இந்த முறை யாரும் மனு போடவில்லை. மே 18 அன்று இறந்தார். வயது 66.

அன்றே சொந்தக்காரர்கள் வந்தார்கள். இத்தனை ஆண்டு வராதவர்கள் இப்போது எதற்கு என்று நர்ஸ்கள் கேட்டார்கள். போயிவாடா மயானத்தில் சிதைக்கு உறவினர் ஒருவரும் ஆஸ்பத்திரி டீனும் சேர்ந்து தீ மூட்டினார்கள்.